கையெழுத்துப் போடாதவர்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஷகுப்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அகமதியா பிரிவுக்காரங்க முஸ்லிம்களே இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரணுமா? மாட்டேன்.”

எழுத்தர் முனவ்வர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “பாஸ்போர்ட்ல முஸ்லிம்னு வரணும்னா பாகிஸ்தான்ல எல்லாரும் போடறதுதான் மேடம்.”

“நான் ஜெனீவாவுக்கு எதுக்குப் போறேன் தெரியுமா? மத சகிப்புத்தன்மை பத்திப் பேச!”

“போன வாரம் ஒரு வக்கீலும் இப்படித்தான் குதிச்சாரு. மறுநாளே வந்து போட்டுட்டுப் போனாரு.”

“உங்களுக்கென்ன பாய், முத்திரை குத்தறதோட சரி. அந்த அகமதியாக்கள்ல ஒருத்தரோடயாவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்களா?”

முனவ்வர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இருபத்தஞ்சு வயசு வரைக்கும் தினமும் சாப்பிட்டேன், எங்க வீட்டுலயே. அப்புறம் இந்த வேலைக்காக நானும் இதே கையெழுத்தைப் போட்டேன். அன்னிக்கு எங்கப்பா என் தட்டை எடுத்து வாசலுக்கு வெளியே வெச்சுட்டாரு.”

முனவ்வர் பேனாவை எடுத்து ஷகுப்தா பக்கம் நீட்டினார்.

“போடுங்க மேடம். அங்க போய் எங்கப்பாவுக்காகப் பேச யாராவது வேணும்ல?”