ஏற்றிய கண்ணாடி

தேவாலயத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் திடலில் ஞாயிறு ஆராதனை. இடைவெளி விட்டுப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் காலை வெயில் பளபளக்கிறது. திடலின் வாசலில் முகக்கவசத்தோடு நின்று, வருகிறவர்களின் உள்ளங்கையில் கிருமிநாசினி ஊற்றி வரவேற்கிறாள் அவள்; இதே கொரோனா தொற்றுக்குக் கணவனைப் பறிகொடுத்தவள். கணவனின் தம்பி காரை நிறுத்திக் கதவைத் திறக்கிறான். அவள் அதை இடுப்பால் தள்ளிச் சாத்துகிறாள். "வாங்க தம்பி. நீங்க இறங்க வேண்டாம்." "ஏன் அண்ணி? நாற்காலி காலியாத்தானே கிடக்கு?" என்கிறான். "கிடக்கட்டும். உங்கண்ணன் பெட்டியத் தூக்க ஆள் பத்தலன்னு கல்லறை வாசல்ல நான் கத்தினப்ப, காருக்குள்ளேயே உக்காந்து கண்ணாடிய ஏத்திக்கிட்டீங்களே? அதே மாதிரி இப்பவும் ஏத்திக்குங்க. உசுரு முக்கியமில்லையா?" முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிரிக்கவில்லை. அவன் விரல் தானாகப் பொத்தானைத் தேடுகிறது. கண்ணாடி முனகிக்கொண்டே ஏறுகிறது. பாட்டு தொடங்க, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாயும் அசைகிறது. சத்தம்தான் வெளியே வரவில்லை. அவள் அதை ஆற அமரப் பார்க்கிறாள். பிறகு அடுத்த காரிடம் திரும்பி, அவனுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்துகிறாள்: "வாங்க, வாங்க! இறங்கி வாங்க. இடம் நிறைய இருக்கு."