மூன்றாம் குழாய்

மூன்றாம் குழாயில் ஒரு கம்பி அறுந்திருந்தது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள் குமுது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. வலையிலிருந்து பிரிந்து உப்புத்தண்ணீரில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்ட கண்கள். படுத்தால் டிக் டிக் என்று கடிகாரம். அவள் திட்டிய திட்டில் கணவன் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியையே கழற்றிவிட்டான். அப்புறமும் கேட்டது. பக்கத்து வீட்டுக் கடிகாரமாக இருக்கும் என்றான்.

கம்பி அறுந்துதான் இருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கப் பார்க்கிறவர்களுக்கு உள்ளே வைக்கிற வலை அது. வீக்கத்துக்குள் ரத்தம் பாயாமல் மறிக்கும். ஆறு ரப்பர் குழாய்களில் ஆறு வலைகள். எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்க்க, இயந்திரம் அவற்றை நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை துடிக்கவைத்துக்கொண்டிருந்தது. மனுஷ இதயம் ஒரு வருஷம் துடிப்பதை அது ஒன்பதே நாளில் துடித்து முடித்துவிடும்.

ஏழாவது வலை அவள் தலைக்குள் இருந்தது.

அதே லாட் நம்பர், இந்த ஆறோடு ஒரே தொகுப்பில் தயாரானது. ஆஸ்பத்திரி அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எத்தனை தடவை ஒப்பிட்டுப் பார்த்திருப்பாள்! ஆபீஸில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேறு பிரிவுக்குத் தூக்கியடித்துவிடுவார்கள்.

தலையில் வலை வைத்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. நேற்றுத்தான் இயந்திரம் அந்த நாலு வருஷத்தைத் தாண்டியது. இனி அது ஓடுவதெல்லாம் அவள் இன்னும் வாழாத நாட்கள். சந்தோஷம் தாங்காமல் கேன்டீனில் இரண்டு ஜாங்கிரி வாங்கி, ஒன்றைக் கூட வேலை பார்க்கும் ரெஜினாவுக்குக் கொடுத்தாள். என்னடி விசேஷம் என்றதற்கு, சும்மா என்றாள்.

நேற்று ஜாங்கிரி. இன்றைக்கு இது.

"ஆறுல ஒண்ணுதானே, குமுது. மத்த அஞ்சும் ஜம்முனு ஓடுதே" என்றாள் ரெஜினா.

அந்த ஒன்று யார் தலையில் என்பதுதானே பேச்சு.

அறுந்தபோது பதினைந்து கோடியே ஐம்பத்தாறு லட்சம் துடிப்பு. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டாள்.

அவள் வலைக்கு இன்னும் நாற்பது நாள்.

மணிக்கட்டில் விரலை வைத்தாள். நூற்றுப்பத்து.

ஐயோ, பயந்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகுமே! ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று தன் நெஞ்சையே கெஞ்சினாள்.

கெஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

எழுபத்திரண்டு என்று யார் சொன்னது?

வலை வைத்த பிறகுதான் இன்பா உண்டானாள்; அவள் வயிற்றில் இருந்த பத்து மாதமும் நாடி தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கூட்டிப் பார்த்தாள். எழுபது லட்சம் துடிப்பு அதிகம்.

மகளுக்குக் கொடுத்தது. அதில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கேட்க மாட்டாள்.

நாற்பது நாளும் கரைந்தது. அதோடு நிற்காமல் தேதி பின்னாலேயே போனது.

போய் நின்ற இடம், போன மாதம்.

போன மாதம் ஒன்றும் ஆகவில்லையே! சமைத்தாள், சண்டை போட்டாள், இன்பாவுக்கு மொட்டை போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

ரெஜினா இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அறுந்ததை வீடியோ எடுக்க வேண்டும். ஆயிரம். முந்நூறு. எழுபத்திரண்டு. முப்பத்தாறு நாளாகக் காதில் இருந்த இரைச்சல் அடங்கியது. குழாய்கள் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு துடிப்புக்கும் அறுந்த நுனி போய்க் குழாயின் சுவரைத் தட்டியது.

டிக்.

டிக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம்.

தலையணையில் கேட்ட சத்தம்.

கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். டிக். டிக். கொஞ்சம் கொஞ்சமாக அது வேகம் பிடித்தது. டிக் டிக். டிக் டிக் டிக்.

"எதுக்குடி வேகத்தைக் கூட்டுறே? நிறுத்திடு ரெஜினா. கேக்க முடியல."

ரெஜினா அவள் தோளைத் தொட்டாள்.

"மெஷினை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு, குமுது."