சொல்லு, சிரிக்கணும்

“ரெண்டரையா?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், மேசை மேலிருந்த டம்ளர் தண்ணீர் தளும்பியது. சட்டைப் பையிலிருந்து நழுவிய டெஸ்டரைத் திரும்பச் செருகிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி இதுதான்: இரண்டு ஓம் மின்தடையையும் மூன்று ஓம் மின்தடையையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை எவ்வளவு? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, வருவதைத் தலைகீழாக்க வேண்டும். அவள் மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதி, அதைக் கவிழ்த்திருந்தாள்.

“எப்படி வந்துச்சு? முழுசா சொல்லு, சிரிக்கணும்” என்றார் கணவர்.

சொன்னாள். சிரித்தார்.

மின் பலகை செய்யும் பட்டறையில் அவளுக்கு ஸ்க்ரூ முடுக்கும் வேலை. வயர்மேன் லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஒயரிங் மேசைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வில் தேறிவிட்டாள். ஒயர் அவள் சொன்னபடி கேட்டது, எண்கள்தான் கேட்கவில்லை. கணக்குத் தாள் ஏற்கெனவே ஒரு முறை கையை விட்டுப் போயிற்று. இம்முறையும் போனால் அந்த மேசையில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

கணவரோ ஊரறிந்த எலெக்ட்ரீஷியன். கான்ட்ராக்டரிடம் நெடுநாள் வேலை பார்ப்பவர். தெருவில் யார் வீட்டு விளக்கு மினுக்கினாலும் ‘கரண்ட்டைக் கூப்பிடுங்க’ என்பார்கள். அது மின்சாரம் அல்ல, இவர்தான். அப்பேர்ப்பட்ட மேதை, வேலை முடித்து வந்த களைப்பிலும் மனைவியின் கணக்கைக் கேட்க உட்காருகிறார் என்றால், கொடுத்து வைத்தவள்தானே.

பள்ளியில் பின்னக் கணக்கு வந்த நாளிலிருந்தே, இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு கோட்டைக் கண்டால் அவளுக்குள் ஏதோ கதவைச் சாத்திக்கொள்ளும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அவள் சொல்வது, சிலர் ‘எனக்கு சுகர்’ என்று சொல்வது போல. அதில் வருத்தமும் உண்டு, கொஞ்சம் வசதியும் உண்டு.

பயிற்சி மையத்து டீச்சர் சிரிக்கவில்லை. “பக்க இணைப்புன்னா கரண்ட் போக இன்னொரு வழி திறந்து விடுறோம். வழி கூடினா தடை கூடுமா, குறையுமா?”

“குறையும் டீச்சர்.”

“அப்போ ரெண்டை விடக் குறைவாத்தானே வரணும். உனக்கு ரெண்டரை வந்திருக்கே?”

அவள் தன் விடையைப் பார்த்தாள். சிவப்பு மையால் யாரும் அடிக்காமல், ஒரு விடை தப்பு என்று அவளுக்கே தெரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. செய்தது தப்பு என்று தெரிந்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டுவிடுவார்களோ என, வீடு வரும் வரை அதை முகத்தில் காட்டாமலே வந்தாள்.

அன்று சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள். “ரெண்டு பின்னத்துக்கும் கீழே ஒரே எண் வரணுமாங்க. ஆறு. அரைன்னா ஆறுல மூணு, மூணுல ஒண்ணுன்னா ஆறுல ரெண்டு. கூட்டினா ஆறுல அஞ்சு. கவுத்தா ஒண்ணு புள்ளி ரெண்டு ஓம்.”

அவர் அன்றும் அதே அளவு சிரித்தார். மேதைகளுக்குச் சரி, தப்பு என்ற பேதமெல்லாம் கிடையாது போலும்.

“அந்த ஆறு எங்கேருந்து வந்துச்சு இன்ஜினியரம்மா? மெதுவா சொல்லு. நிதானமா சிரிக்கணும்.”

மெதுவாகச் சொன்னாள். இப்படியே நாள்தோறும் நடந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், “இன்னொரு தடவை” என்பார். நகைச்சுவை நாடகத்தைக்கூட ஒருவரும் இத்தனை சிரத்தையாகப் பார்த்ததில்லை.

எதிரே ஒருவர் சிரிக்கக் காத்திருக்கும்போது எந்த வரியையும் மழுப்பித் தாண்ட முடியாது என்பது அவளுக்குப் போகப் போகத் தெரிந்தது. சிரிப்பு நுழைய இடுக்கு விடக் கூடாதென்று ஒவ்வொரு படியாக விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே விளங்கியது. மின்திறன் வந்தது, யூனிட் கணக்கு வந்தது, பின்னங்கள்கூட வழிக்கு வந்தன. இதற்காக அவருக்கு நன்றி சொல்ல அவள் தயாராக இல்லை. தேறிவிட்டு, ஒரே ஒரு தடவை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சிரிக்க வேண்டும். அதற்கு மேல் ஆசை இல்லை.

தேர்வு நாளன்று அவரே வண்டியை வெளியே எடுத்தார்.

“நீங்க எதுக்குங்க? வேலைக்குப் போகலையா?”

“லீவு சொல்லிட்டேன். வேடிக்கை பார்க்க வேண்டாமா?”

போதாததற்கு இஸ்திரி போட்ட சட்டை. மனைவி கோட்டை விடுவதைப் பார்ப்பதற்குக்கூட இவ்வளவு மரியாதையாக உடுத்திக்கொண்டு வரும் கணவர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

வாசலோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தாள். அவரோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, படியேறி, தேர்வறை வரைக்கும் பின்னாலேயே வந்தார். இங்கேயுமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பின்னங்கள் ஒன்றும் மறக்கவில்லை. அதை அவள் கவனித்துக்கொண்டாள்.

கதவருகே நின்ற அட்டெண்டர் அவளுடைய ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். “மூணாவது வரிசைம்மா, ஜன்னல் பக்கம்.”

“இவர் என் வீட்டுக்காரர். என்னை விட வந்தார், வெளியிலதான் நிப்பார்” என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

அட்டெண்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணே, உங்களுக்கு எப்பவும் போல அதே கடைசி பெஞ்சுதான்.”