அரிசி டிரம்முக்குப் பின்னாடி

"இன்னிக்காவது ஒரு அட்டை வந்துச்சாம்மா? இல்லன்னா இதான் கடைசி. அடுத்த வாரத்துலேருந்து இந்த அரைமணி நேரம் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குத்தான்."

கள்ளக்குறிச்சி உள்ளூர் சேனலின் முதலாளி கொளஞ்சியப்பன் கறாராகச் சொன்னார்.

"ஒண்ணு வந்திருக்குதுண்ணே." கண்ணகி கையிலிருந்த தபால் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

'சிட்டுக்குருவிச் சங்கம்' என்ற பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு அன்றோடு இருபத்தைந்து வயது. அத்தனை வருஷமும் நடத்தியவள் கண்ணகிதான். பிறந்தநாள் பரிசை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, பிள்ளையின் பேரையும் ஒளித்த இடத்தையும் பெற்றோர் அட்டையில் எழுதிப் போடுவார்கள். இவள் டிவியில் பிள்ளையின் பேரைச் சொல்லி, "பீரோ மேல பாரு கண்ணு" என்பாள். பிள்ளை ஓடும், பரிசு இருக்கும். கண்ணகி அக்காவுக்கு எல்லார் வீடும் தெரியும் என்று ஊர்ப் பிள்ளைகள் சத்தியம் பண்ணாத குறைதான். அப்போதெல்லாம் அட்டைகள் சாக்குச் சாக்காக வரும். பிள்ளைகள் கைக்குச் செல்போன் போனது, சாக்கு காலியானது.

நேரலை தொடங்கியது.

"இன்னிக்குப் பொறந்தநாள் கொண்டாடற என் தங்கமே..." கண்ணகி அட்டையைப் பார்த்தாள். "அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஓடிப்போய்ப் பாரு!"

அவ்வளவுதான். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. பாட்டைப் போட்டுவிட்டாள்.

"இன்னாம்மா நீ! பேரையே சொல்லலன்னா எந்தப் புள்ள ஓடும்?" கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கச்சிராயபாளையம் பச்சமுத்து பேசறேங்க. எம் பசங்க மூணும் டிரம்மக் கவுத்துட்டுதுங்க! வூடு பூரா அரிசி!"

வைத்ததும் மறுபடி அடித்தது. சங்கராபுரத்துப் பெண் ஒருத்தி.

"எம் பொண்ணு பரிசைக் காணோம்னு டிரம்மப் புடிச்சிக்கினு அழுவுதுங்க. கடைக்கு ஓடி முட்டாய் வாங்கியாந்து வெச்சேன். அடுத்த வாரம் எடத்த முன்னாடியே சொல்லிடுங்க, புண்ணியமாப் போவும்!"

அப்புறம் எலவனாசூர்கோட்டை. அப்புறம் மலை மேலிருந்து வெள்ளிமலை. ஒருமணி நேரம் போன் ஓயவில்லை. திட்டு விழ விழ முதலாளிக்கு வாயெல்லாம் பல். கண்ணகி அழுதுகொண்டே சிரித்தாள். இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எத்தனையோ வருஷமாகக் கிடைக்கவில்லை.

"இத்தினி வூட்ல பாக்கறாங்களா! ஜவுளிக்கடைக்காரன் வேற நேரம் பாத்துக்கட்டும். சங்கம் நடக்கும்மா, நடக்கும்!" என்றார் கொளஞ்சியப்பன். "சரி, நீ பேரு சொல்லாம வுட்ட அந்தப் புள்ளைக்கு நாமளே ஒரு பரிசு அனுப்பலாம். அட்டையக் குடு, யாருன்னு பாக்கறேன்."

வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். அட்டையில் ஒரு எழுத்துகூட இல்லை.