சக்கையைக் காட்டு

அந்த வெள்ளிக்கிழமை மொரீஷியஸ் தீவின் லாங் மவுண்டன் ஊர் அம்மன் கோவிலில் இருந்தவர்கள்: பூசாரி சின்னன், கரும்பு வெட்டும் மருதை, அவன் மனைவி பாக்கியம், எலுமிச்சை மரத்துக்காரி கோவிந்தம்மா, புயலில் வீடு போய்க் கோவில் கொட்டகையில் தங்கியிருந்த ஏழு பேர், நான். மொத்தம் பன்னிரண்டு.

அம்மன் கழுத்தில் எலுமிச்சை மாலை. எண்ணிப் பார்த்தேன். பழமும் பன்னிரண்டுதான்.

அறுபதாம் வருஷப் புயல் எங்கள் ஊரில் தோட்டம், பழமரம் எதையும் விட்டுவைக்கவில்லை. மலை மறைவில் நின்ற கோவிந்தம்மாவின் எலுமிச்சை ஒன்றுதான் தப்பியது. மாதக்கணக்கில் எல்லோருக்கும் நிவாரண அரிசியும் பருப்பும்தான். பலருக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. மருதைக்கு முன்பற்கள் ஆடின.

"பழமும் பச்சைக் கீரையும் வயிற்றுக்குப் போகாததால் வந்த வியாதி. எலுமிச்சை சாப்பிடு. இல்லாவிட்டால் பல் ஒவ்வொன்றாக விழும்" என்று டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் க்ளெமான் அவனிடம் சொல்லியிருந்தார்.

அன்று காலை பாக்கியம் கோவிந்தம்மாவின் வாசலில் நின்றதை நானே பார்த்தேன்.

"இன்னும் ஒரே ஒரு பழம் கொடு அக்கா. அவருக்குப் பல் ஆடிக்கிட்டே இருக்கு."

"கிடையாது. எல்லாம் அம்மனுக்கு."

"அம்மனுக்குப் பல்லா ஆடுது?"

கோவிந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும் அப்படித்தான் வாயை மூடியிருப்பாள். கர்வம் என்று ஊரில் பேச்சு.

பூசை முடிந்தது. சின்னன் மாலையை அவிழ்த்து ஆளுக்கொரு பழம் கொடுத்தார். பாக்கியம் தன் பழத்தையும் மருதையின் பழத்தையும் மடியில் கட்டினாள்.

"வெளியே எடு" என்றாள் கோவிந்தம்மா. "இங்கேயே தின்னணும்."

"இது எந்த ஊர் வழக்கம்?"

"இன்னையிலிருந்து இந்தக் கோவில் வழக்கம்" என்றார் பூசாரி, யாரையும் பார்க்காமல்.

மருதை தயங்கினான். "ஈறெல்லாம் புண்ணு அக்கா. எரியும்."

"அம்மன் கொடுத்ததை வேண்டாம்னு சொல்றியா?"

கடித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. கோவிந்தம்மா ஒவ்வொருவர் முன்னும் போய் நின்றாள்.

"சக்கையைக் காட்டு."

"பழம் கொடுக்க மனசில்லை, போலீஸ் வேலை மட்டும் பாக்கிறா" என்று பாக்கியம் முணுமுணுத்தாள்.

எல்லோரும் போன பிறகு பூசாரியிடம் கேட்டேன்.

"காலையில் கேட்டபோதே கொடுத்திருக்கலாமே?"

"கொடுக்காமலா இருந்தா அண்ணே? போன வாரமே மருதை வீட்டுக்கு மூணு கொடுத்தா. புண்ணுக்குப் புளிப்பு ஆகாதுன்னு அவங்க வாயில வைக்கல. கண் திருஷ்டின்னு மருதை தலையைச் சுத்தி முச்சந்தியில போட்டு மிதிச்சாங்க. கொட்டகைக்காரங்க அவங்களுக்குக் கொடுத்ததை மிளகாயோட கோத்து வாசல்ல கட்டிட்டாங்க. பிரசாதம்னா எவனும் துப்பமாட்டான்னு இவதான் யோசனை சொன்னா."

சக்கைகளைக் கூட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மா நிமிர்ந்தாள்.

"நாப்பத்தஞ்சுப் புயல் வந்தப்போ எனக்கு இப்படிச் சொல்ல ஆளில்ல" என்று சிரித்தாள்.

முந்தானை நழுவியது. வாயில் மீதி நான்கு பல்.