ஒன்பது அங்குலச் சுவர்

மகள் இறந்து மூன்று மாதம் கழித்து வாஸ்துக்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"காத்தும் வெளிச்சமும் வடக்கேருந்து வரணும்மா. இந்தத் தெற்கு வாசல்தான் உங்களுக்கு ஆகல. அடைச்சிடுங்க."

அம்மா மறுக்கவில்லை. எதன் மீதாவது பழி போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கொத்தனார் வந்து வாசலை அடைத்து, ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பிப் பூசிவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தச் சுவரை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, நான்தான். வாசலக் காணோமே?"

"என்னங்க, பாப்பா வந்துட்டா!" என்று அலறினாள். கணவனுக்கும் குரல் கேட்டது. கடப்பாரையால் இடித்தான். ஒரு செங்கல் விழுந்தால் பின்னால் இன்னொன்று இருந்தது. மூன்றடி குடைந்தும் வெளிச்சம் வரவில்லை. வடக்கு வாசல் வழியாக வெளியே ஓடிச் சுற்றி வந்து பார்த்தான். பூச்சில் கீறல்கூட இல்லை, தெருவிலும் யாரும் இல்லை.

கூடத்தில் செங்கல் இடுப்பளவு குவிந்தது. அம்மா குழிக்குள் தலையை நுழைத்து, "இருடா கண்ணு, அப்பா திறந்துடுவாரு," என்றாள்.

"மூணு மாசமா தினமும் இந்த வழியா வந்துதானே உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்," என்றது குரல், இப்போது தூரத்திலிருந்து. "இனிமே எப்படிம்மா வருவேன்?"

மறுநாள் இருவரும் அந்தக் குழியின் முன்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தட்டவில்லை.