அர்பாப் பிடித்த கயிறு

“மச்சான் இல்லாம நான் தொட்டிக்குள்ள இறங்க மாட்டேன். ஆள விடு!”

சோலையப்பன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டான். ஷார்ஜா தொழிற்பேட்டையில் நிலத்தடி டீசல் தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் சின்ன கம்பெனி அது. உள்ளே இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு; மறுமுனை மேலே நிற்பவன் கையில். உள்ளே இருப்பவன் கயிற்றை ஆட்டினால் மேலே நிற்பவன் இழுத்துவிட வேண்டும். இதுவரை அந்தக் கை, சோலையப்பன் மனைவியின் அண்ணன் ஜெயமணியுடையது. அவன் லீவில் ஊருக்குப் பறந்துவிட்டான்.

“அர்பாபே கயிறு புடிக்கிறேங்கிறாரு. இன்னும் என்னப்பா உனக்கு?” என்றான் ஃபோர்மேன் விமல்.

“முதலாளியாவது, கயிறு புடிக்கிறதாவது! போன் வந்தா ஏசி காருக்குள்ள ஏறிடுவாரு. எங்க ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிக்கப் போனா மச்சான்தான் கயிறு புடிக்கணும். தங்கச்சி தாலிய நெனச்சாவது இழுப்பான்ல?”

விமல் அதை ஹிந்தியில் சொன்னதும் அர்பாப் முபாரக் சிரித்தார். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பு எமிராத்தி அவர். காலிப் பீப்பாய்களைக் கழுவுவதில் ஆரம்பித்து, தன் கையால் கட்டிய கம்பெனி.

“எங்கள் வீட்டிலும் கயிற்றுக் கதை உண்டு, பாய்” என்றார். தொழிலாளர் கேம்ப்பில் காதில் விழுந்து பழகிய ஹிந்தி சோலையப்பனுக்குப் புரியும், பேசத்தான் வராது. “என் தாத்தாவைச் சிறு பிள்ளையாக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து, முத்துக் குளிக்கும் கப்பலுக்கு விற்றுவிட்டார்கள்.”

விலைக்கு வாங்கிய ஆளை எத்தனை ஆழத்துக்கு இறக்கியிருப்பார்களோ! சோலையப்பனின் மனம் இளகிவிட்டது. தண்ணீருக்கடியில் மூச்சடக்கியவர் வீட்டுப் பிள்ளை நம்மைக் கைவிட மாட்டார் என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அடிக்கசடைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, முகமூடியையும் மீறி வாடை ஏறியது. தலை சுற்றியது. கயிற்றை ஆட்ட நினைத்தான். கை எழவில்லை.

கண் விழித்தபோது மேலே மணலில் கிடந்தான். தொட்டிக்குச் சொந்தமான யார்டின் மேனேஜர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சி ஆச்சு?” என்று விமலிடம் ஈனக் குரலில் கேட்டான் சோலையப்பன்.

“நீ கயிற ஆட்டவே இல்ல. அர்பாப் கூப்பிட்டுப் பாத்தாரு, சத்தமே இல்ல. ‘வேல முடியட்டும், லாரி காத்துக்கிட்டு நிக்குது’ன்னு அந்த மேனேஜரு கத்துறாரு. இவரு காதுலயே வாங்கல. ஒரே இழுவை! இந்த யார்டு கான்ட்ராக்டே போச்சு.”

முபாரக்கின் இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்து சிவந்திருந்தன. சோலையப்பனுக்குக் கண் கலங்கியது. கும்பிட்டான்.

“உங்க தாத்தா கடலுக்கடியில கயிற ஆட்டுனப்ப, மேல நின்ன மகராசனும் இப்புடித்தான் இழுத்திருப்பான் அர்பாப். இல்லேன்னா இன்னைக்கு நீங்க ஏது, நான் ஏது?”

விமல் மொழிபெயர்த்தான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த முபாரக் நிமிர்ந்தார்.

“கடலில் இறங்கியவர், தாத்தாவோடு சேர்த்து விற்கப்பட்ட அவர் தம்பி. மேலே கயிறு பிடித்து நின்றவர்தான் என் தாத்தா” என்றார். “கயிறு ஆடியது. ‘பொறு’ என்றான் கப்பல் தலைவன். விலைக்கு வாங்கப்பட்டவர்தானே... பொறுத்துவிட்டார்.”